சோதினைக்கு நிழல், வீட்டுக்கு ராகு

யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஐந்து வலயங்களிலும் முன்பள்ளியிலும் ஆரம்பப்பிரிவிலும் படிப்பிக்கிற ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஆரம்பப்பிரிவில் முப்பத்தொரு வருடம் படிப்பித்துவிட்டு இப்போது ஓய்வில் இருப்பவள். உங்களில் சிலருடைய கையைப் பிடித்து முதல் எழுத்து எழுதுவித்ததும் நானாக இருக்கலாம். அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ரியூசனுக்கும் ரியூசனுக்கும் இடையில் கிடைத்த ஒரு மணித்தியாலத்தில், என் பேத்தியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரும் எங்கள் வளவு மாமரத்தடியில் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடினார்கள். நான் விறாந்தையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். பேத்திதான் ரீச்சர். ரீச்சரானவுடன் அவள் செய்த முதல் வேலை, வேலியில் ஒரு பூவரசந் தடி முறித்து இலை உருவியது. இரண்டாவது வேலை, மாமரத்தில் அந்தத் தடியால் இரண்டு தட்டுத் தட்டி, "கையைக் கட்டுங்கோ, வாயில விரல் வையுங்கோ" என்றது. மூன்றாவதாகத்தான் பாடம் வந்தது. அதில் ஒரு சின்னப் பெடியன், நாலரை வயது இருக்கும், "ஏன் ரீச்சர்?" என்று எதையோ கேட்டான். "கேள்வி கேட்காமல் எழுதும்" என்றாள் என் பேத்தி. அவளுக்கு ஏழு வயது.

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். என்னுடைய குரல்.

ஒருவரும் அவளுக்கு 'ரீச்சர் என்றால் தடி எடுக்க வேண்டும்' என்று சொல்லிக் கொடுத்ததில்லை. உடல்ரீதியான தண்டனை கூடாது என்று அமைச்சின் சுற்றறிக்கை வந்தது 2005ஆம் ஆண்டு. அவள் பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முந்தி. என்றாலும் அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததை அப்படியே எடுத்திருக்கிறாள், தேவையானதையும் தேவையில்லாததையும் பிரிக்காமல்.

இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டோரியா ஹோர்னர், அன்ட்ரூ வைட்டன் என்ற இரண்டு பேர் 2005இல் வெளியிட்டது. ஒரு பெட்டி. உள்ளே ஒரு பரிசு. பெரியவர் ஒருவர் தடியால் பெட்டியின் மேலே குத்தி, தட்டி, பிறகு பக்கத்துக் கதவைத் திறந்து பரிசை எடுத்துக் காட்டுவார். மேலே குத்துவதும் தட்டுவதும் ஒரு பயனும் இல்லாத வேலை. கண்ணாடி போல உள்ளே தெரிகிற பெட்டியைக் கொடுத்தபோது சிம்பன்சிக் குரங்குகள் அந்தப் பயனற்ற வேலையை விட்டுவிட்டு நேரே கதவைத் திறந்தன. மூன்று, நாலு வயது மனிதப் பிள்ளைகளோ பயனில்லை என்று கண்ணுக்கு முன்னால் தெரிந்தும் பெரியவர் செய்த அத்தனையையும் ஒன்றும் விடாமல் செய்தார்கள்.

முதலில் வாசித்தபோது குரங்கு கெட்டித்தனமாக நடந்ததுபோல எனக்கும் பட்டது. யோசித்துப் பார்த்தால் மனிதப் பிள்ளையின் பெரிய பலமே அதுதான். காரணம் விளங்காமலே செய்முறையை முழுதாக வாங்கிக்கொள்ளத் தெரிந்ததால்தான் ஒரு தலைமுறையின் அறிவு அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்கிறது. தைப்பூசத்தன்றோ விசயதசமியன்றோ ஏடு தொடக்கும்போது, தட்டில் பரப்பிய பச்சையரிசியில் ஒரு மூன்று வயதுப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கிறோமே, அந்தப் பிள்ளைக்கு அந்த எழுத்தும் விளங்காது, அரிசி ஏன் என்றும் விளங்காது. ஆனால் ஒன்று விளங்கிவிடும்: வீட்டில் எல்லோரும் குளித்து, விளக்கேற்றி, தன்னைச் சுற்றி நிற்கிறார்கள், ஆகவே இந்த எழுத்து என்பது பெரிய விசயம். எந்தப் பாடத்திட்டத்தாலும் முதல் நாளிலேயே இதைப் பதிக்க முடியாது. பனை ஓலை வார்ந்து பெட்டி இழைக்கிற ஆச்சிக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆச்சி ஒரு சொல் சொல்லமாட்டா. பிள்ளை கழித்துப்போட்ட ஓலையை எடுத்துத் தானும் மடிக்கும், குலையும், திரும்ப மடிக்கும். ஒரு கிழமையில் அடி பிடித்துவிடும். நாங்கள் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் தொண்டை வறளக் கத்துவது அதற்குக் கிட்டவும் வராது.

ஆகவே பண்பாடு பிள்ளைகளின் படிப்புக்குத் தடை என்று நான் எழுத வரவில்லை. எங்கள் பிள்ளைகள் எங்களிடமிருந்து எல்லாவற்றையும் எடுக்கிறார்கள் என்பதால்தான், எதைப் பார்க்க வைக்கிறோம் என்று உங்களிடம் கேட்கிறேன்.

இனி, நான் விட்ட ஒரு பிழை. பதினைந்து வருடத்துக்கு மேலாக மனதில் கிடக்கிறது.

2010 தை (ஜனவரி) 15, தைப்பொங்கலுக்கு மறுநாள், பட்டிப்பொங்கல். அன்றைக்கு எங்கள் வானத்தில் சூரிய கிரகணம், அதுவும் கங்கண கிரகணம். சந்திரன் சூரியனின் நடுவை மறைத்து, ஓரம் மட்டும் வளையமாய்த் தெரிகிறது. மத்தியானம் ஒரு மணி தாண்டி, ஏறக்குறைய பத்து நிமிடம் அந்த வளையம் நின்றது. உலகத்தில் வேறு எங்கோ இருந்தவர்கள் எல்லாம் காசு செலவழித்துத் தேடிப் போகிற காட்சி எங்கள் தலைக்கு மேலே வந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? வழக்கப்படி பிள்ளைகளை உள்ளுக்கு விட்டுக் கதவைச் சாத்தினோம். தண்ணீர்க் குடத்திலும் சோற்றுப் பானையிலும் தர்ப்பை போட்டோம். பிள்ளைகளை வெயிலில் விடாமல் வைத்ததில் பிழையில்லை. வெறுங்கண்ணால் பார்த்தால் பார்வை போகும். நான் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக் குசினியில் இருந்தேன். கிடுகு வேய்ந்த பழைய குசினி. சாணி மெழுகின தரை. அந்த வீட்டு அப்பம்மா, இரண்டு மருமக்கள், நாலைந்து பிள்ளைகள், எல்லோரும் அடுப்பு அணைத்த குசினிக்குள் இருந்து தேவாரம் படித்தோம்.

கிடுகுக் கூரையில் பொத்தல்கள் இருக்கும் அல்லவா? அவற்றால் வெயில் விழுந்து தரையில் எப்போதும் வட்ட வட்டமாய்ப் பொட்டுப் பொட்டாகக் கிடக்கும், இரண்டு ரூபாய்க் குற்றி அளவில். அதை நாங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். அன்றைக்கு அந்தப் பொட்டுக்கள் மெல்ல மெல்லப் பிறையாயின. பிறகு திடீரென்று தரை முழுக்க வளையம். மெழுகின தரையில் நூறு காப்பு கழற்றிப் போட்டதுபோல. சுளகிலும் வளையம். அப்பம்மாவின் வெள்ளைச் சேலையிலும் வளையம். பெரியவர்கள் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தோம். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று மட்டும் என் கையைச் சுரண்டியது.

"ரீச்சர், பொத்தல் எல்லாம் ஒவ்வொரு மாதிரி இருக்கு. கீழ விழுகிற வெளிச்சம் மட்டும் ஏன் எல்லாம் காப்பு மாதிரி இருக்கு?"

ஆசிரியர்களே, அந்தக் கேள்வியைத் திரும்ப ஒருதரம் வாசியுங்கள். எட்டு வயதில், ஒருவர் தூண்டாமல், அந்தப் பிள்ளை கூரையையும் தரையையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறது. கூரைப் பொத்தல் கோணல்மாணல், தரையில் விழுவது ஒரே வடிவம். ஆகவே அந்த வடிவம் பொத்தலிலிருந்து வரவில்லை என்று கண்டிருக்கிறது. சின்னத் துவாரம் எதுவானாலும் அதனூடாக விழுவது சூரியனின் உருவம்தான் என்பதற்கு ஒரு படி இந்தப் பக்கம் நின்று என்னைக் கேட்டது. வெளியே போகாமல், வானத்தைப் பார்க்காமல், வழக்கத்தையும் மீறாமல், அந்தக் குசினிக்குள்ளேயே கிரகணத்தைக் கண்டுவிட்டது.

நான் சொன்னேன்: "இப்ப கதைக்கக் கூடாது பிள்ளை. கும்பிடுங்கோ. பிறகு சொல்லுறன்."

அப்பம்மா சொன்னா: "ராகு விழுங்குறான் மோனை, பாராதை."

பிறகு நான் சொல்லவில்லை. கிரகணம் விட்டதும் குளிப்பு, புதுச் சமையல், மாட்டுக்குப் பொங்கல் என்று நாள் போய்விட்டது. அந்தப் பிள்ளையும் திருப்பிக் கேட்கவில்லை.

அதே பிள்ளை வளர்ந்து, ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்த செய்தி சொல்ல என் வீட்டுக்கு வந்தாள். பழைய கதை எல்லாம் கதைத்தோம். "அந்தக் கிரகணம் ஞாபகமோ?" என்று கேட்டேன். ஞாபகம் என்றாள். "அது என்னண்டு பிறகு படிச்சனி தானே?" என்றேன். சிரித்தாள். "ஓ ரீச்சர், விஞ்ஞானத்தில படிச்சனான். சோதினைக்குச் சந்திரன்ர நிழல். வீட்டில அப்பம்மாவுக்கு ராகு. ரெண்டையும் நான் கலக்கிறேல்லை."

"உன்ர வகுப்பில ஒரு பிள்ளை கேட்டால் எதைச் சொல்லுவாய்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "கேட்காதுகள் ரீச்சர்" என்றாள்.

இந்த மடலை எழுத வைத்தது அந்தச் சொல்தான்.

இரண்டையும் கலக்காமல் வைத்திருப்பது அவளுடைய தனிக் குணம் என்று நினைத்துவிட வேண்டாம். தென்னாபிரிக்காவில் நோய் பற்றிப் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் கேட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வில், கிருமியால் நோய் வருகிறது என்று நன்றாகத் தெரிந்தவர்களே சூனியத்தாலும் வருகிறது என்றார்கள். இன்னும் கவனிக்க வேண்டியது, சூனியத்தைச் சொன்னவர்களில் பெரியவர்களே அதிகம். வளர வளர ஒன்று போய் மற்றது வரும் என்று நாங்கள் நினைக்கிறோம், அப்படி நடப்பதில்லை. பள்ளிக்கூடம் ஒரு லாச்சியில், வீடு ஒரு லாச்சியில்.

இன்னும் கிட்டத்து உதாரணம் ஒன்று. ஹைதராபாத்தில் முதலாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பூமி எப்படி இருக்கிறது, அதை எது தாங்குகிறது என்று கேட்டு 1996இல் ஓர் ஆய்வு வந்தது. பூமி தண்ணீரின் மேல் இருக்கிறது, கடலில் மிதக்கிறது என்று பல பிள்ளைகள் சொன்னார்கள். அதே ஆய்வாளர்களில் இருவர் அதற்கு முன்பு அமெரிக்கப் பிள்ளைகளிடம் கேட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் பூமி உருண்டை என்று சொல்லிவிட்டு, அந்த உருண்டைக்கு உள்ளே தட்டையான தரையில் மனிதர் நிற்பதாக விளங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாட்டிலும் 'பூமி உருண்டை' என்று ரீச்சர் சொல்லியாயிற்று. பிள்ளை அதை ஏற்றும் ஆயிற்று. ஆனால் ஏற்கெனவே வீட்டில் கேட்ட கதை, காலுக்குக் கீழே கண்ட தட்டை நிலம், இவற்றோடு அதை எப்படிப் பொருத்துவது என்ற வேலையைப் பிள்ளை தனியாக, ஒருவருக்கும் சொல்லாமல், தன் தலைக்குள் செய்துகொள்கிறது. அந்த வேலையில் பக்கத்தில் இருப்பதுதானே எங்கள் தொழில்?

பிள்ளை வாய் திறந்தால்தான் பக்கத்தில் இருக்கலாம். அங்கேதான் எங்கள் ஊர்ப் பழக்கம் குறுக்கே வருகிறது. 'பெரியாக்களோட எதிர்த்துக் கதைக்காதை', 'வாய் காட்டாதை', 'அதிகப்பிரசங்கி' என்று கேள்வி கேட்கிற பிள்ளைக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர்கள் எல்லாம் குற்றப் பெயர்கள். அடக்கமான பிள்ளை என்றால் பேசாத பிள்ளை. தேர்ச்சி அறிக்கையில் 'அமைதியானவர்' என்று பாராட்டாக நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்.

இதுதான் எங்கள் பண்பாடு என்று சொல்பவர்களுக்கு இரண்டு விசயம் சொல்ல வேண்டும். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது 1848இல். அதற்கு முன்னமே, 1816இலிருந்து, அமெரிக்க மிசனரிமார் இங்கே பள்ளிக்கூடங்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமிருந்த அச்சுக்கூடம், வகுப்புக்கு வகுப்பு ஏறிப்போகும் பாடப்புத்தகம், கேள்வி பதிலாகச் சமயம் படிப்பிக்கிற முறை, இவற்றையெல்லாம் நாவலர் கையில் எடுத்துச் சைவத்துக்கும் தமிழுக்கும் ஆக்கினார். பாலபாடமும் சைவ வினாவிடையும் அப்படி வந்தவை. ஆகவே 'எங்கள் முறை' என்று நாங்கள் காவல் காக்கிறதிலேயே பாதி, தேவை கண்டு ஒருவர் துணிந்து மாற்றியமைத்த முறை. அவர் மாற்றலாம் என்றால் நாங்களும் பார்த்து மாற்றலாம். வினாவிடை முறையில் ஒரு குறையும் உண்டு. அதில் வினாவும் பெரியவருடையது, விடையும் பெரியவருடையது. பிள்ளைக்குப் பாடமாக்குகிற வேலை மட்டும்தான். அறநெறி வகுப்பிலும் ஞாயிறு மறைக்கல்வியிலும் இன்றைக்கும் அதுதான் நடக்கிறது.

அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்திய நன்னூலை எடுத்துப் பாருங்கள். மாணாக்கன் எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில், பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல் என்று அடுக்கிக்கொண்டு வந்து, 'வினாதல், வினாயவை விடுத்தல்' என்கிறார் பவணந்தி முனிவர். கேட்பதும், தன்னைக் கேட்டதற்கு விடை சொல்வதும். இவற்றைக் கடனாக, அதாவது கடமையாகக் கொண்டால்தான் மடமை நன்றாக நீங்கும் என்பது சூத்திரம். கேள்வி கேட்பது எங்கள் மரபிலே மாணாக்கனுக்குக் கடன். அதை அடங்காத்தனமாக மாற்றியவர்கள் நாங்கள்.

கேள்வி இல்லாமல் பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள் என்று சொல்லுகிறேன். இது எழுதக் கொஞ்சம் கை நடுங்குகிற விசயம்தான்.

தரம் இரண்டில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். கேக் வெட்டிச் சின்னச் சின்னத் துண்டாகத் தாய் கொடுத்துவிட்டிருந்தா. எல்லோரும் தின்றார்கள். ஒரு பெடியன் மட்டும் துண்டைக் கடதாசியில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்தான். வயிற்றுக்குள் ஏதும் செய்கிறதோ என்று பக்கத்தில் போய்க் கேட்டேன். "இல்லை ரீச்சர். அவையின்ர வீட்டுச் சாப்பாடு நாங்கள் சாப்பிடுறேல்லை" என்றான். ஏன் என்று கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. "தெரியாது" என்றான்.

அவனுக்கு ஏழு வயது. அந்த வீட்டில் 'சாதி' என்ற சொல்லை அவன் முன்னால் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் காலத்தில் ஒருவரும் சொல்வதில்லை. எந்த வீட்டு முற்றத்தில் நின்று கதைக்கிறது, எந்த வீட்டு விறாந்தையில் ஏறி இருக்கிறது, எந்தப் பேணி தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறது, யார் வந்தால் அம்மா கதிரை எடுத்துப் போடுறா, யார் வந்தால் போடவில்லை. அவ்வளவும் அவன் பார்த்திருக்கிறான். பெட்டியின் மேலே தடியால் தட்டின அந்தப் பிள்ளைகள் போலவே, காரணம் தெரியாமல், ஒன்றும் விடாமல் எடுத்துவிட்டான். எதைக் கேட்டாலும் ஏச்சு விழுகிற வீட்டில் இதைப் பற்றி மட்டும் எப்படி ஏன் என்று கேட்பான்?

1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கிப் பிறகு வாலிபர் காங்கிரஸ் ஆன இயக்கத்தில், ஹண்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும், சேர்ந்திருந்து சாப்பிட வேண்டும் என்று போராடினார்கள். சம ஆசனம், சம போசனம். அது வரக்கூடாது என்று பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தவர்களும் இதே மண்ணில் இருந்தார்கள். நூறு வருடமாகிறது. வாங்கு ஒன்றாகிவிட்டது. கேக் துண்டு இன்னும் கடதாசிக்குள் இருக்கிறது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அந்தத் துண்டில் பாதியை வாங்கி அவனுக்கு முன்னால் நான் சாப்பிட்டேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பாடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சரியான பாடம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பெண் பிள்ளைகள் விசயமும் இப்படித்தான். தரம் ஐந்தில் ஒரு பிள்ளை இரண்டு கிழமை வராது. வகுப்பு முழுக்க ஏன் என்று கேட்கும். "அது உங்களுக்குத் தேவையில்லாத கதை" என்று வாயை அடைப்போம். அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது, தன்னிடம் ஏதோ சொல்லக்கூடாத குறை இருக்கிறது என்று தானும் நம்பி, மற்றப் பிள்ளைகளையும் நம்பவைத்துத்தான் வந்து இருக்கும். சாமத்தியச் சடங்கு செய்வதும் செய்யாததும் வீட்டாரின் விருப்பம். இரண்டு கிழமைப் படிப்பையும், ஒரு நேரான விளக்கத்தையும் பறிக்க ஒருவருக்கும் உரிமையில்லை.

எங்கள் வகுப்பறை மதிக்காத அறிவு ஒன்றும் இருக்கிறது. தாய் சுன்னாகம் சந்தையில் கீரை விற்கிற ஒரு பெடியன் என்னிடம் படித்தான். விடியப் போய்த் தாய்க்கு உதவிவிட்டுப் பள்ளிக்கூடம் வருவான். பலகையில் 40ஐ 7ஆல் பெருக்கச் சொன்னால் 28 என்று எழுதிவிட்டு நிற்பான். ஒருநாள் சந்தையில் அவனிடமே கீரை வாங்கினேன். கட்டு நாற்பது ரூபா, ஏழு கட்டு. நான் காசை எண்ணுவதற்குள், "அஞ்சு கட்டு இருநூறு, ரெண்டு கட்டு எண்பது, இருநூற்றியெண்பது தாங்கோ ரீச்சர்" என்றான். பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் விற்கிற ஐந்து பிள்ளைகளை வைத்து 1985இல் வெளியான ஆய்வை நான் வாசித்தது பிற்காலத்தில். விற்கிற இடத்தில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அதே கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தால் நூற்றுக்கு 37. அதில் தேங்காய் விற்கிற பன்னிரண்டு வயதுப் பெடியன் ஒருவன், ஒன்று 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டபோது, மூன்று 105, இன்னும் மூன்று 210 என்று கூட்டிக் கூட்டிப் போய் 350 என்று சரியாக நிற்கிறான். வாசித்தபோது என் கீரைக்காரப் பெடியன்தான் கண்ணுக்கு முன்னால் வந்தான். அவனை நான் 'மெல்லக் கற்போர்' வரிசையில் இருத்தியிருந்தேன்.

தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சை பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. உங்களுக்கு என்னைவிடத் தெரியும். இருநூறு புள்ளிக்கான இரண்டு வினாத்தாளுக்காக மூன்றாம் தரத்திலிருந்தே பிள்ளையின் பின்னேரங்கள் போகின்றன. வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைகளின் படம் பதாகையாய்ப் படலையில் தொங்குகிறது. அதற்குக் கீழால் நடந்து போகிற மற்றப் பிள்ளை அதிலிருந்து எதை நம்பப் பழகுகிறது என்று மட்டும் யோசியுங்கள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஓர் அருமையான பாடம் எங்களிடம் இருக்கிறது. பிள்ளை கேள்வி கேட்பதற்கென்றே செய்த பாடம் அது. ஐந்தாம் தரத்தில் அந்த நேரத்துக்கு மாதிரி வினாத்தாள் கொடுக்காத வகுப்பு எத்தனை? வலயக் கல்வி அதிகாரிகள் இதை வாசித்தால், அந்தப் பாடவேளையையாவது காப்பாற்றித் தாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள வேலை ஒன்றும் இல்லை. வகுப்புக்கு ஒரு கேள்விக் கொப்பி வையுங்கள். நேரமில்லாத நேரத்தில் பிள்ளை கேட்டால், "பிறகு சொல்லுறன்" என்று விட்டுவிடாமல் அந்தக் கொப்பியில் பிள்ளையின் பெயரோடு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் திறந்து பாருங்கள். விடை தெரிந்தால் சொல்லுங்கள்; தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். ரீச்சருக்கும் தெரியாதது இருக்கிறது என்பதைக் கண்ட பிள்ளை, தனக்குத் தெரியாததைக் கேட்க வெட்கப்படாது. சில கேள்விகளை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள். அம்மம்மா என்ன சொன்னா, அப்பு என்ன சொன்னார் என்று கேட்டு வரட்டும். ராகு விழுங்குறான் என்றால் அதையும் எழுதுங்கள், சிரிக்காமல். அது ஒரு பழங்கதை. எங்கள் பாட்டன் பூட்டன் வானத்தைப் பார்த்துப் பயந்தும் யோசித்தும் சொன்ன கதை. அதன் பக்கத்தில் சந்திரனின் நிழலையும் எழுதுங்கள். பிறகு இரண்டுக்கும் ஒரே கேள்வி: "இது எப்படித் தெரியும்? எப்படிப் பார்க்கலாம்?" ஒரு பந்தையும் ரோர்ச் வெளிச்சத்தையும் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.

அப்படிச் செய்தால் அம்மம்மாவை அவமதித்ததாகிவிடும் என்று ஓர் இளம் ஆசிரியை என்னிடம் சொன்னா. பிள்ளைகள் அம்மம்மாவில் வைத்திருக்கிற பாசம் ராகுவில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அந்த அம்மம்மாவுக்கு எந்த மாதம் எந்தக் காற்று, பனங்கிழங்குக்குப் பாத்தி எப்படி, மோப்பம் பிடித்தே பழஞ்சோறு பழுதோ இல்லையோ, எல்லாம் தெரியும். அவற்றையும் "எப்படித் தெரியும் அம்மம்மா?" என்று கேட்டால், கேட்கிற பிள்ளையை மடியில் இருத்தி வைத்துச் சொல்லுவா. இதுவரை ஒருவரும் அவவைக் கேட்டதில்லை.

2027 ஆவணி (ஓகஸ்ட்) 2ஆம் திகதி, திங்கட்கிழமை, இன்னொரு சூரிய கிரகணம் வருகிறது. வேறு நாடுகளில் முழுமையாகத் தெரியும். எங்களுக்குப் பின்னேரம், சூரியனின் ஒரு பகுதி மட்டும் கடிபட்டதுபோலத் தெரியும். அன்றைக்குப் பிள்ளைகளை வெறுங்கண்ணால் மேலே பார்க்க விடவேண்டாம். கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம், வாளித் தண்ணீர் ஒன்றும் வேண்டாம். ஒரு தடித்த மட்டையில் ஊசியால் ஒரு துவாரம் போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, பின்னால் வருகிற வெளிச்சத்தை வெள்ளைச் சுவரில் விழுத்துங்கள். மட்டைக்கும் சுவருக்கும் இடையில் ஐந்தாறு அடியாவது இருக்கட்டும். முதல் நாளே இதைச் செய்து, முழு வட்டத்தைக் காட்டிவிடுங்கள். அப்போதுதான் அடுத்த நாள் குறைந்தது தெரியும். துவாரத்தைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சுவரில் என்ன வடிவம் விழுகிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

கிடுகுக் குசினி எங்கள் ஒழுங்கையில் இப்போது ஒன்றும் இல்லை. அந்த வீட்டிலும் ஓடு போட்டுவிட்டார்கள். எங்கள் வளவில் மாமரம் நிற்கிறது, பின்னால் மேற்குப் பார்த்த படலையும் வெள்ளையடித்த மதிலும் இருக்கின்றன. அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பயிற்சி முடித்து வருகிற அந்தப் பிள்ளைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். ஊசியும் மட்டையும் நான் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் ஆரம்பப்பிரிவு ஆசிரியை,
வலிகாமம்.